தாழ்ந்த கார், மெதுவான தெரு

காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, வண்டி எத்தனை அங்குலம் இறங்கும் என்பதைத்தான். மேடுபள்ளமான நகரத் தெருவில் ஓட்டப்போகிறவர் அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தத் தெருவில், என்ன வேகத்தில்? உயரமும் வேகமும் தெருவும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை. இதை எந்தப் பாடப்புத்தகத்தின் துணையும் இல்லாமல் செய்து காட்டியவர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிக அமெரிக்க இளைஞர்கள். வண்டியின் வயிறு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறக்கி, நடக்கிறவர் எட்டிப் பிடிக்கும் வேகத்தில் ஊர்வலம்போல ஓட்டும் வழக்கத்தை அவர்கள் உருவாக்கினார்கள். லோரைடர் என்ற பெயர் காருக்கும் அதை ஓட்டுகிறவருக்கும் பொதுவானது. இந்த வழக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வண்ணங்களையும் அதிலிருந்த எதிர்ப்புணர்வையும் சமூக அடையாளத்தையும் பேசுகிறார்கள். அவையெல்லாம் உண்மை. ஆனால் வண்டிக்கு அடியில் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. மெதுவாகத் தெருவில் உலா வரும் பழக்கம் அந்தச் சமூகத்திடம் முன்பே இருந்தது. அதனால்தான் மற்றவர்கள் துணியாத அளவுக்கு வண்டியைத் தாழ்த்த அவர்களால் முடிந்தது. கலிபோர்னியாவின் சட்டம் இந்தத் தொடர்பைப் பார்க்கவே இல்லை. முதலில் தாழ்வையும், பிறகு மெதுவாகச் சுற்றுவதையும் தனித்தனிக் குற்றங்களாக எண்ணித் தண்டித்தது.

காரைத் தாழ்த்துவது ஒரு சிறுபான்மைச் சமூகத்துக்கு மட்டுமே தோன்றிய விசித்திர ஆசை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல. தாழ்ந்த கார்மேல் ஆசைப்பட்டது அமெரிக்கா முழுவதும்தான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவை 1927 முதல் 1958 வரை நடத்திய ஹார்லி எர்ல், அமெரிக்கக் காரை நீளமாக்குவதும் தாழ்த்துவதுமே தன் வேலையின் முதல் நோக்கம் என்று 1954-இல் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அவரே லாஸ் ஏஞ்சலஸ்காரர். டெட்ராய்ட்டுக்குப் போகும் முன் ஹாலிவுட் நடிகர்களுக்குத் தனிவகைக் கார்கள் கட்டிக்கொடுத்தவர். கிரைஸ்லர் நிறுவனம் 1957-இல் முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கை நீக்கி, முறுக்குக் கம்பியைப் பொருத்தி, தன் கார்களைச் சட்டென்று கீழே இறக்கியது. போருக்கு முந்திய காரையும் 1950-களின் கடைசியில் வந்த காரையும் பக்கத்தில் நிறுத்தினால், கூரையின் உயரத்தில் ஒரு சாணுக்குக் குறையாத வித்தியாசம் தெரியும். லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகே லின்வுட்டில் பட்டறை வைத்திருந்த சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்கள் வாடிக்கையாளர்களுக்காக மெர்க்குரி கார்களின் கூரையை வெட்டித் தாழ்த்தி, உடலைத் தரையோடு ஒட்டவைத்துப் புகழ்பெற்றார்கள். ஆக, தொழிற்சாலை தாழ்த்தியது, பட்டறை தாழ்த்தியது, இளைஞனும் தாழ்த்தினான். முதல் இரண்டும் நாகரிகம் எனப்பட்டன. மூன்றாவது காவலரின் கவனத்துக்குரியதாயிற்று.

அந்த இளைஞன் கையில் இருந்தது பழைய ஷெவர்லே. போர்முனையிலிருந்து திரும்பியவர்களிடம் கொஞ்சம் சேமிப்பு இருந்தது, போர்க்காலத் தொழிற்சாலைகளிலும் படையிலும் கற்ற கைத்திறன் இருந்தது, புதுக்கார் வாங்கும் வசதிதான் இல்லை. போருக்கு முந்திய ஷெவர்லே மலிவாகக் கிடைத்தது. உதிரி பாகங்களும் எங்கும் கிடைத்தன. 1939-இல் வந்த வண்டியின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். பின்பக்கத்தைத் தாழ்த்த மிக எளிய வழி, டிக்கியில் மணல் மூட்டையை ஏற்றுவது. செலவு கிடையாது, வேலைக்குப் போகும் நாளில் இறக்கி வைத்துவிடலாம். எடை கூடும்போது ஸ்பிரிங்கின் ஆட்டம் இன்னும் நிதானமாகும் என்பதால், மணல் மூட்டையேறிய கார் அசைந்தசைந்து போகும். நிரந்தரமாகத் தாழ்த்த விரும்பியவர்கள் லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைத்தார்கள். முன்பக்கத்தில் காயிலின் ஒரு சுற்றையோ ஒன்றரைச் சுற்றையோ அறுத்தெடுத்தார்கள். அவசரக்காரர்கள் காஸ் டார்ச்சால் காயிலைச் சூடேற்றி, வண்டியின் பாரத்தாலேயே அதை அமுங்கவிட்டார்கள். இந்தக் கடைசி முறைதான் மிக மோசமானது. ஸ்பிரிங் இரும்புக்குப் பதம் ஏற்றுவது தொழிற்சாலையில் அளவோடு நடக்கும் வேலை. டார்ச்சின் தீ அந்தப் பதத்தை ஓரிடத்தில் மட்டும் கெடுத்துவிடும். பிறகு அந்த இடத்திலேயே அது தளரும், அல்லது உடையும்.

காயிலை அறுத்தால் நடப்பது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வரலாற்றின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது. காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு, அதில் வேலைசெய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர்மாறானது. பத்துச் சுற்றில் இரண்டை எடுத்தால் மீதியிருப்பது 25 சதவீதம் கூடுதல் விறைப்புள்ள ஸ்பிரிங். சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுப்பகுதியில் ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பதால், ஸ்பிரிங்கில் ஓர் அங்குலம் குறைந்தால் சக்கரத்தருகே ஏறக்குறைய இரண்டு அங்குலம் இறங்கும். உயரம் குறைகிறது, சக்கரம் மேலெழும்ப இருந்த இடமும் அதே அளவுக்குக் குறைகிறது. அந்த இடம் தீர்ந்ததும் அச்சு ரப்பர்த் தடுப்பில் மோதும். அடுத்த அடி நேரே வண்டியின் அடிச்சட்டத்தில் விழும். மென்மையான ஸ்பிரிங் வேண்டுமானால் அது அமுங்க நிறைய இடம் வேண்டும். இடத்தைக் குறைத்தால் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தாக வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டே உயரத்தைக் குறைத்து, விறைப்பைக் கூட்டி வருகின்றன. நல்ல வழவழப்பான சாலையில் அது வளைவுகளில் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். பள்ளம் நிறைந்த தெருவில் அதே விறைப்பு முதுகெலும்பில் ஏறும். இரண்டு அங்குலத்துக்கு மேல் இறக்கிவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே வைத்திருந்தால், அது தன் வழக்கமான நீளத்தில் வேலைசெய்ய முடியாமல் சீக்கிரம் கெட்டுப்போகும்.

இந்தக் கணக்கில் வேகத்தைச் சேர்த்தால் படம் மாறிவிடுகிறது. மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். தென் கலிபோர்னியாவின் பழைய தெருச் சந்திப்புகளில், மழைநீர் குறுக்கே ஓடுவதற்காகக் கான்கிரீட்டில் வெட்டிவிட்ட ஆழமில்லாத வாய்க்கால்கள் கிட்டத்தட்ட இந்த வகையைச் சேர்ந்தவை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சக்கரம் அதைக் கடக்க எடுத்துக்கொள்வது ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி. அந்தக் காலத்து அமெரிக்கக் காரின் உடல், ஸ்பிரிங்கின்மேல் ஒருமுறை ஏறியிறங்கவே சுமார் ஒரு விநாடி வேண்டும். எனவே உடல் நின்ற உயரத்திலேயே நிற்க, பள்ளத்தின் முழு ஆழத்தையும் ஸ்பிரிங் ஒன்றே விழுங்க வேண்டியிருக்கும். நடக்கும் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டரில் போனால், அதே பள்ளத்தைக் கடக்க இரண்டு விநாடிக்கு மேலாகும். அப்போது காரின் உடலும் சக்கரத்தோடு சேர்ந்தே இறங்கி ஏறிவிடும்; ஸ்பிரிங் அமுங்க வேண்டிய அளவு சொற்பம். அறுத்த ஸ்பிரிங்கின் ஆட்டம் இன்னும் விரைவானது என்பதால் உடல் சக்கரத்தைப் பின்பற்றுவதும் எளிது. ஆக, இடமில்லாத சஸ்பென்ஷனை வைத்துக்கொண்டு மோசமான தெருவில் போக ஒரே வழி மெதுவாகப் போவதுதான். தாழ்வாகவும் மெதுவாகவும் என்று லோரைடர்கள் சேர்த்தே சொல்லிவந்தது ஓர் அழகியல் கொள்கை மட்டுமன்று, இயந்திரவியல்படியும் சரியான கூற்று.

அப்படியானால் வேகமாக ஓடிய ஹாட் ராடுகளும் தாழ்வாகத்தானே இருந்தன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதே தென் கலிபோர்னியாவில், பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள், பழைய ஃபோர்டுகளின் எஞ்சினைத் திருத்தி, தேவையற்ற தகடுகளைக் கழற்றி எறிந்து, வண்டியைத் தாழ்த்தி, வேகப் பந்தயம் விட்டார்கள். ஆனால் எங்கே விட்டார்கள் என்று பார்க்க வேண்டும். மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப் படுகைகளில். மோஹாவி பாலைவனத்தில் வெயிலில் காய்ந்து இறுகிய அந்தக் களிமண் தரை, மைல் கணக்கில் பள்ளமே இல்லாமல் கிடப்பது. 1937-இல் அமைந்த தென் கலிபோர்னிய நேர ஓட்டச் சங்கம் அங்கேதான் வேகத்தை அளந்தது. சமதரை இருந்தால் தாழ்ந்த காரை எவ்வளவு வேகமாகவும் ஓட்டலாம். ஈர்ப்பு மையம் கீழிறங்குவது நன்மையே. பாலைவனத்துக்குப் போக நேரமும் பணமும் இல்லாத, வார இறுதியைத் தன் பேட்டையிலேயே கழித்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்காரனுக்குக் கிடைத்த தரை வேறு. அவனுடைய தெருவில் வாய்க்கால், தண்டவாளக் குறுக்கு, வீட்டு வாசல் சரிவு எல்லாம் இருந்தன. போதாததற்கு 1950-களிலும் 60-களிலும் மாநிலத்தின் வேகச்சாலைகள் பாய்ல் ஹைட்ஸ் வழியாகவும் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் வழியாகவும் குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு எழுந்தன. பெரும் வேகத்துக்கான தரை அந்த மக்களின் வீடுகளை இடித்துப் போடப்பட்டது; அவர்கள் அதற்குக் கீழே இருந்த பழைய தெருக்களில் மெதுவாக ஓட்டினார்கள்.

இந்த மெதுவான ஓட்டம் ஸ்பிரிங்கின் கட்டாயத்தால் பிறந்ததா, பண்பாட்டிலிருந்து வந்ததா? பண்பாடுதான் முந்தியது என்பது என் முடிவு. மெக்சிகோவின் ஊர்களில் மாலை நேரத்தில், முக்கியமாக ஞாயிறன்று, ஊர் நடுவிலுள்ள சதுக்கத்தைச் சுற்றி ஆண்களும் பெண்களும் நல்ல உடை உடுத்தி உலா வருவது நெடுங்கால வழக்கம். பார்ப்பதும் பார்க்கப்படுவதுமே அதன் நோக்கம். யாரும் எங்கும் போய்ச்சேர வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் அப்படிப்பட்ட சதுக்கங்கள் உள்ள நகரமல்ல. அது காருக்காகவே பரந்து விரிந்த நகரம். ஆகவே உலா விட்டியர் புலவாருக்கு வந்தது. ஒருகாலத்தில் 101-ஆம் எண் நெடுஞ்சாலையின் பாதையாக இருந்த அகலமான கடைவீதி அது. வெளியூர்ப் போக்குவரத்து புதிய வேகச்சாலைக்குப் போனபின் உள்ளூர்க்காரர்களின் தெருவானது. நிறம் தேர்ந்து பூசி, வெல்வெட் இருக்கை வைத்து, குரோமைத் துலக்கிக் கொண்டுவந்த காரை விரைந்து ஓட்டி யாருக்குக் காட்டுவது? வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. வேகம் வேண்டாம் என்று ஆனபிறகு ஸ்பிரிங்கை எவ்வளவு வேண்டுமானாலும் அறுக்கலாம். உலா முதலில், அறுப்பு பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, தாழ்த்தியதால்தான் வேறு வழியின்றி மெதுவாகப் போனார்கள் என்று சொன்னால் அந்த மக்கள் செய்த தேர்வை அவர்களிடமிருந்து பறித்ததாகும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1950-களின் இறுதியில் கலிபோர்னியாவின் வாகனச் சட்டத்தில் 24008 என்ற பிரிவு வந்தது. மூல வடிவத்திலிருந்து மாற்றிய காரின் எந்தப் பகுதியும், சக்கரங்கள் நீங்கலாக, சக்கர வளையத்தின் மிகத் தாழ்ந்த விளிம்பைவிடத் தரைக்கு நெருக்கமாக இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். இந்த விதிக்குப் பின்னால் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டயர் வெடித்துக் காற்று முழுவதும் போய்விட்டால் வண்டி வளையத்தின்மேல் நிற்கும். அப்போது அடிச்சட்டமோ எண்ணெய்த் தொட்டியோ ஸ்டீயரிங் கம்பியோ வளையத்துக்குக் கீழே தொங்கினால் அது தரையில் இழுபட்டு, வண்டி ஓட்டுநர் கையை மீறிப் போகும். பந்தய வாகனங்களுக்கும் இதே கணக்கில் விதி வைக்கும் வழக்கம் உண்டு. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்கு இதைவிடச் சரியான ஒரு கோட்டை யாரும் வரைய முடியாது. பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் அடிப்புறத்தில் ஓடுகின்றன என்பதையும் மறக்கக்கூடாது. உரசித் தேய்ந்த பிரேக் குழாய் மெதுவாகப் போகிறவரையும் கைவிடும். கோளாறு அந்த விதி எதை அளக்காமல் விட்டது என்பதில் இருந்தது. காவலர் கையிலிருந்த அளவுகோல் உயரத்தை மட்டுமே காட்டியது. வேகத்தையும் தெருவையும் ஓட்டுகிறவரின் கவனத்தையும் அது காட்டவில்லை. காட்டத் தேவையில்லை என்பதால்தான் அது நடைமுறையில் வசதியாகவும் இருந்தது. ஓடும் காரை நிறுத்த ஒரு காரணம் தேடுகிறவருக்கு, பார்த்த மாத்திரத்தில் தெரியும் குற்றத்தைப் போல உதவுவது வேறில்லை. அதே நகரத்தில் 1943 ஜூனில் கடற்படையினரும் படைவீரர்களும் தொளதொளத்த சூட் அணிந்த மெக்சிக அமெரிக்க இளைஞர்களைத் தெருத் தெருவாகத் துரத்தி அடித்தபோது, காவலர்கள் பலமுறை கைதுசெய்தது அடிபட்டவர்களைத்தான். கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைக் கொண்டு ஆளைப் பிடிப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல.

அந்தச் சட்டம், அதை எழுதியவர்கள் எதிர்பாராத ஒன்றுக்கு வழிவிட்டது. சான் பெர்னார்டினோ பக்கத்தைச் சேர்ந்த ரான் அகிர்ரே என்ற இளைஞர், எக்ஸ்-சானிக் என்று பெயரிட்ட தன் 1956 கார்வெட் காரில், ஸ்பிரிங்கோடு ஹைட்ராலிக் உருளைகளைப் பொருத்தினார். பம்புகள் விமானங்களில் இருந்து கழித்துக் கட்டியவை. போருக்குப் பிறகு தென் கலிபோர்னியாவின் பழைய சாமான் கடைகளில் அவை மலிந்து கிடந்தன. ஒரு ஸ்விட்சைத் தட்டினால் எண்ணெய் உருளைக்குள் பாய்ந்து வண்டியைத் தூக்கும். மறுபடி தட்டினால் வடிந்து இறக்கும். காவலர் தென்பட்டால் வண்டி சட்டப்படியான உயரத்தில் நிற்கும். அவர் போனபின் தரையைத் தொடும். இதைத் தந்திரம் என்று மட்டும் பார்ப்பது குறைவான பார்வை. அறுத்த ஸ்பிரிங் ஒரே உயரத்துக்கு அடிமை. ஹைட்ராலிக்கோ தெருவுக்கு ஏற்ற உயரத்தை ஓட்டுகிறவர் கையில் கொடுத்தது. வாய்க்கால் வந்தால் தூக்கலாம், வாசல் சரிவு வந்தால் தூக்கலாம், சமமான கடைவீதியில் இறக்கலாம். இதே பத்தாண்டில், 1955-இல், பாரிஸில் சிட்ரோயன் நிறுவனம் டி.எஸ். காரை வெளியிட்டது. எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் சேர்ந்து ஸ்பிரிங் வேலை பார்த்த அந்தக் காரில் உயரத்தை மாற்ற ஒரு நெம்புகோல் இருந்தது. பெரிய நிறுவனத்தின் பொறியாளர்கள் நாட்டுப்புறச் சாலைகளை மனத்தில் வைத்துக் கண்டதையும், பட்டறை இளைஞர் பழைய விமானப் பம்பைக் கொண்டு கண்டதையும் அருகருகே வைத்து மதிப்பிடத்தான் வேண்டும். சிட்ரோயனின் அமைப்பு பன்மடங்கு நுட்பமானது; அதில் வாயு இருந்ததால் ஓட்டம் மென்மையாக இருந்தது. லோரைடரின் எண்ணெயை அமுக்க முடியாது என்பதால், உருளைக்குக் கீழே மிஞ்சிய கட்டைக் காயில்தான் அதிர்வைத் தாங்க வேண்டியிருந்தது. வசதியில் அது தோற்றது. ஆனால் உயரம் என்பது தெருவுக்குத் தெரு மாற வேண்டிய ஒன்று என்ற அறிவில் இரண்டும் சமம்.

சட்டத்தின் நெருக்கடியால் இது பிறக்கவில்லை, கார்க் கண்காட்சியில் பரிசு வாங்கவே பிறந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. எக்ஸ்-சானிக் கண்காட்சி மேடைகளில் வலம்வந்த கார் என்பது உண்மைதான். ஒரு கண்டுபிடிப்பு ஏன் தோன்றியது என்பது வேறு, அது ஏன் பரவியது என்பது வேறு. கண்காட்சிக் காரின் வித்தைகளில் பெரும்பாலானவை கண்காட்சியோடு முடிந்துபோகும்; இது மட்டும் ஆயிரக்கணக்கான சாதாரண ஷெவர்லேக்களில் ஏறியதற்குக் காரணம், தெருவில் அதற்குத் தேவை இருந்தது. 1958-இல் வந்த இம்பாலாவும் கைகொடுத்தது. அந்த ஆண்டின் ஷெவர்லேயில் நான்கு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது. எக்ஸ் வடிவச் சட்டம் இருந்தது. பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. காயில் இருந்த இடத்தில் உருளையை நிறுத்தலாம். விமானப் பம்புகள் அருகியபோது, சரக்கு லாரிகளின் பின்கதவைத் தூக்கும் பம்புகள் அந்த இடத்துக்கு வந்தன. 1962-இல் ருவேலாஸ் சகோதரர்கள் தொடங்கிய டியூக்ஸ் போன்ற கார்ச் சங்கங்கள் இந்தக் கைத்திறனை அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தகப்பனிடமிருந்து மகனுக்கும் கடத்தின. இம்பீரியல்ஸ் சங்கத்தின் ஜெஸி வாலாதெஸ் 1964 இம்பாலாவில் ரோஜாப் பூக்களை வரையவைத்து உருவாக்கிய ஜிப்சி ரோஸ், 1974-இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் தெருவில் மெல்ல உருண்டு நாடு முழுவதும் தெரிந்த காராயிற்று. பிற்காலத்தில் காரைத் துள்ளவைக்கும் போட்டிகள் வந்தன. டிக்கி நிறைய பேட்டரி ஏற்றி, முன்சக்கரம் ஆளுயரத்துக்கு எழும்படி செய்தார்கள். அது வேறு கலை. தெருவோடு இசைந்துபோவதற்காக வந்த கருவி அங்கே தெருவை விட்டே எழும்பிவிட்டது. அந்தத் திறமையை மதிக்கிறேன், ஆனால் இந்த வரலாற்றின் மையம் அதில் இல்லை.

தாழ்வைப் பிடிக்க முடியாமல் போனபோது மெதுவான ஓட்டமே குறியாயிற்று. வியட்நாம் போரில் மெக்சிக அமெரிக்கர்கள் பெருமளவில் சாவதை எதிர்த்து, 1970 ஆகஸ்ட் 29 அன்று பெரும் ஊர்வலம் ஒன்று விட்டியர் புலவார் வழியாகத்தான் போனது. காவலர்கள் அதைக் கலைத்த அன்று, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் கட்டுரையாளர் ரூபன் சாலஸார், அதே வீதியிலிருந்த சில்வர் டாலர் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, ஷெரிப் துறைக் காவலர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். உலாவின் வீதி அன்றிலிருந்து அரசியலின் வீதியுமானது, காவல் இறுகியது. 1970-களின் கடைசியில் வார இறுதி இரவுகளில் புலவாரையே கார்களுக்கு அடைத்தார்கள். 1980-களில், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடக்கும் கார்களைத் தடுக்க உள்ளூராட்சிகள் விதி செய்யலாம் என்று மாநிலம் அனுமதித்தது. ஊருக்கு ஊர் தடைப் பலகைகள் நின்றன. இதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்டவற்றைத் தள்ளிவிட முடியாது. நூற்றுக்கணக்கான கார்கள் ஊர்ந்தால் ஆம்புலன்ஸ் போக முடியாது. கடைக்காரருக்கு வியாபாரம் படுக்கும். கூட்டத்தில் சண்டையும் சில இரவுகளில் அதைவிடக் கொடியதும் நடந்தன. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் முன்பே இருந்தது. போக்குவரத்து தடைப்படும்படி மிக மெதுவாக ஓட்டக்கூடாது என்று அதே வாகனச் சட்டத்தின் 22400-ஆம் பிரிவு சொல்கிறது. சண்டைக்கும் துப்பாக்கிக்கும் குற்றவியல் சட்டம் இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு தெருவில் இரண்டு மூன்று முறை போய்வருவதையே குற்றமாக்கியபோது தண்டனை தவறு செய்தவரைத் தாண்டி, குடும்பத்தோடு வந்தவர்மேலும் விழுந்தது.

தாழ்ந்த காரைக் குற்றமாக்கிய நாடே பிறகு அதை அருங்காட்சியகத்தில் வைத்தது. நியூ மெக்சிகோவின் சிமாயோ ஊரில் உருவான ஒரு 1969 ஃபோர்டு எல்.டி.டி. லோரைடர், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஜிப்சி ரோஸ் 2017-இல் வாஷிங்டனின் தேசியத் திடலில் காட்சிக்கு நின்றது. நாட்டின் வரலாற்று வாகனப் பதிவேட்டிலும் சேர்ந்தது. அப்போதும் அதே வகைக் காரைக் கலிபோர்னியாவின் நேஷனல் சிட்டி நகரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஓட்டினால் அபராதம் விழுந்திருக்கும். சான் ஹோசே, சேக்ரமென்டோ நகரங்கள் 2022-இல் தங்கள் தடையை நீக்கின. நேஷனல் சிட்டி 2023-இல் நீக்கியது. சான் டியேகோ பகுதியின் சட்டமன்ற உறுப்பினர் டேவிட் ஆல்வரெஸ் கொண்டுவந்த 436-ஆம் எண் மசோதா அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநரின் கையெழுத்தைப் பெற்றது. உலாவைத் தடைசெய்ய உள்ளூராட்சிகளுக்கிருந்த அதிகாரத்தையும் 24008-ஆம் பிரிவையும் அது ஒருசேர நீக்கிவிட்டது. இரண்டையும் ஒரே மசோதாவில் நீக்கியது மிகச் சரியான காரியம் என்பேன். தாழ்வும் மெதுவும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை; ஒன்றைக் குற்றமாக வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் விடுவித்திருந்தால் பாதி நீதிதான் கிடைத்திருக்கும். முகப்பு விளக்கு தரையிலிருந்து 22 அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும், பிரேக் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும், போக்குவரத்தைத் தடுக்கக்கூடாது என்ற விதிகள் எல்லா கார்களுக்கும் இருப்பதுபோல லோரைடர்களுக்கும் இருக்கின்றன. மாற்றம் 2024 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.